கலந்தாய்வுக்கு முன்பே சீட் போடச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே, இன்ஜினியரிங் சீட் வாங்கித் தருகிறோம் என்று முன்பின் தெரியாத எண்களிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். பிள்ளையின் பெயர், மார்க், கட்ஆஃப் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்த போனை எடுக்கப்போகும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2019-இல் என் அண்ணன் மகனுக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தது. பேசியவர் கல்லூரி ஊழியர்கூட இல்லை, கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர். “உங்க பையன் கட்ஆஃபுக்குக் கவுன்சிலிங்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவே கிடைக்காது சார். மேனேஜ்மென்ட்ல ரெண்டே சீட்தான் பாக்கி” என்று அண்ணனை அவசரப்படுத்தினார். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரி அது.

முதலாண்டுக் கட்டணம் போக ஒரு லட்சம் தனியாக வாங்கினார்கள். அதற்குக் கொடுத்த ரசீது இன்னும் அண்ணன் பீரோவில் இருக்கிறது. இளஞ்சிவப்புத் தாள். அதில் கல்லூரியின் பெயரே கிடையாது, ஏதோ ஒரு டிரஸ்ட்டின் பெயர். ‘தன்விருப்பத்துடன் அளித்த நன்கொடை’ என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கட்டாய நன்கொடையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்த ‘தன்விருப்பம்’ யாருக்குப் பதில் சொல்ல அச்சடிக்கப்பட்டது என்று உங்களுக்கே புரியும்.

இனிதான் விஷயம். அந்த ஆண்டு அரசு நடத்தும் கலந்தாய்வு (கவுன்சிலிங்) முடிந்தபோது மாநிலம் முழுக்க ஏறக்குறைய பாதி இடங்கள் காலி. இந்தக் கல்லூரியில், இவன் சேர்ந்த அதே பிரிவிலும் இடம் காலியாகவே கிடந்தது. இவனைவிடக் குறைந்த கட்ஆஃப் எடுத்த பையன் கலந்தாய்வு வழியாக வந்து இவன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

கணக்கைப் பாருங்கள். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு சொன்னபடி, தரச்சான்று இல்லாத பாடப்பிரிவில் கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக இடத்துக்கு (மேனேஜ்மென்ட் சீட்) 85,000. அண்ணன் குடும்பத்தில் இவன்தான் முதல் பட்டதாரி. கலந்தாய்வில் போயிருந்தால் முதல் பட்டதாரிக்கு அரசு தரும் 25,000 சலுகை கிடைத்து, மீதி 25,000 கட்டினால் போதும். ஆக ஆண்டுக்கு 60,000, நாலு வருஷத்துக்கு 2,40,000 ரூபாய் கூடுதல். நன்கொடை தனி. வகுப்பு ஒன்று, வாத்தியார் ஒன்று, பட்டமும் ஒன்று.

விஷயம் தெரிந்து கலந்தாய்வுக்குப் போகலாம் என்றால், ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் கல்லூரிக்காரர்கள் கையில். ‘சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்’ என்று வாங்கியது. திருப்பிக் கேட்டபோது, நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துப் போகச் சொன்னார்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பின் நகலை அன்றைக்கு நீட்டியிருந்தால் பேச்சு மாறியிருக்கும். நீங்கள் போகும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதைதான். கொரோனாவில் வீட்டிலிருந்தே படித்த காலத்துக்கும் பஸ் கட்டணம். பிளேஸ்மென்ட் டிரெய்னிங் என்று தனி வசூல். வாசல் பேனரில் ஒரே பெண்ணின் படம் மூன்று கம்பெனிகளின் பெயருக்குக் கீழே. இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும், அதுவரை யாரும் பார்த்திராத பேராசிரியர்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்று பையன் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியதை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்த பிறகுதான் நம்பினேன்.

கல்லூரிப் படிப்பே வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டுக்கு 25,000 கட்டியிருந்தால் அந்தப் பட்டம் அந்த விலைக்குத் தேவலை. கடன் வாங்கி, நன்கொடை கொடுத்துப் படிக்க அங்கே ஒன்றுமில்லை. கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும், அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பணம் கட்டும் முன் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். தரச்சான்று இருக்கிறது என்றால் எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். என்பிஏ (தேசியத் தர மதிப்பீட்டு வாரியம்) சான்று பிரிவுக்குத்தான் தருவார்கள், கல்லூரி மொத்தத்துக்கும் அல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையென்றால் ஏஜென்ட் பக்கமே போகாதீர்கள். 2021 முதல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே கட்டுகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்டால் அதெல்லாம் கிடையாது. அப்புறம், போன வருஷம் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு எந்தக் கட்ஆஃப் வரை போனது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. ஏஜென்ட் “கிடைக்காது” என்று சொன்னால், லைனில் இருக்கச் சொல்லிவிட்டு அதைத் திறந்து பாருங்கள்.