மூளைக் கட்டி செல்களுக்கு எலைசா கிட்: ஐஎல்-6 தாராளமாக வாங்கலாம், டிஜிஎஃப்-பீட்டா 2 யோசித்து வாங்குங்கள்

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டியின் செல்கள் மீடியாவில் (செல்களை வளர்க்கும் திரவம்) எவ்வளவு சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பச் சுரக்கும் புரதம்) சுரக்கின்றன என்று அளக்க, எங்கள் லேபில் ஒரே கம்பெனியின் இரண்டு எலைசா கிட் (புரதத்தின் அளவை நிறத்தின் அடர்த்தியால் காட்டும் சோதனை) வாங்கினோம். ஒன்று ஐஎல்-6 என்ற சைட்டோகைனுக்கு, இன்னொன்று டிஜிஎஃப்-பீட்டா 2 என்ற சைட்டோகைனுக்கு. செல் லைன் (லேபில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை) யு-87.

ஐஎல்-6 கிட்டில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அளவு தெரிந்த கரைசல்களை வைத்து வரையும் ஸ்டாண்டர்ட் கர்வ் சுத்தமாக விழுகிறது, ஒரே சாம்பிளை பிளேட்டின் இரண்டு வெல்லில் (சிறு குழி) போட்டால் எண்கள் ஒட்டியே வருகின்றன, ஐஎல்-6 சுரப்பைத் தூண்டும் ஐஎல்-1 பீட்டா கொடுத்த செல்லுக்கும் கொடுக்காத செல்லுக்கும் உள்ள வித்தியாசம் நிறம் தரும் டிஎம்பி கரைசலை விட்ட கொஞ்ச நேரத்திலேயே நீலத்தின் அடர்த்தியில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் யு-87 ஐஎல்-6ஐ அள்ளிக் கொட்டுகிற ரகம். மீடியாவை அப்படியே விட்டால், ஆசிட் போட்டு நிறுத்தியதும் எல்லா வெல்லும் ஒரே அடர்மஞ்சள்தான், 450 நானோமீட்டரில் ரீடர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. முதலில் 10 மடங்கு, 100 மடங்கு நீர்த்துப் பார்த்துவிட்டு முழு பிளேட்டைப் போடுங்கள்.

கோபம் வந்தது டிஜிஎஃப்-பீட்டா 2 கிட்டில்தான். 1987இல் வியன்னா, சூரிச் ஆய்வாளர்கள் கிளியோபிளாஸ்டோமா செல்களிலிருந்து, எதிர்ப்புச் சக்தியின் டி செல்களை அடக்கும் புரதம் என்று பிரித்தெடுத்ததே இதைத்தான். கட்டி நம் எதிர்ப்புச் சக்தியை முடக்கிப்போடுவதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதனால் இதில் வரும் தப்பான எண்ணைச் சும்மா விட முடியாது. செல்கள் இதைப் பெரும்பாலும் பூட்டிய (செயல்படாத) நிலையில்தான் சுரக்கின்றன, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் திறந்து சோடியம் ஹைட்ராக்சைடால் சமன் செய்தால்தான் கிட் அதைப் பிடிக்கும். அதையெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கிய கையேட்டில், செல்களை வளர்க்க மீடியாவில் கலக்கும் மாட்டு சீரம் பற்றி ஒரு வரி கிடையாது! சீரத்திலேயே இந்தப் புரதம் இருக்கிறது, மாட்டினுடையது மனிதனுடையது என்று கிட் பிரித்துப் பார்க்காது. செல்லே போடாத, 10 சதவீத சீரம் கலந்த மீடியாவை ஓட்டினோம், வெல் நன்றாகவே மஞ்சளானது. கம்பெனிக்கு எழுதினால் "உங்கள் வாஷ் (வெல்களைக் கழுவுவது) சரியில்லை" என்று பதில் வருகிறது. சாம்பிள் எதில் எடுத்தது என்றுகூடக் கேட்கவில்லை.

அப்புறம் செல்களை நன்றாகக் கழுவி, 24 மணி நேரம் சீரம் இல்லாத மீடியாவில் விட்டு எடுத்த பிறகுதான் நம்பும்படியான எண் வந்தது. வந்த எண்ணைச் செல் எண்ணிக்கையால் வகுக்க மறக்காதீர்கள், சீரம் இல்லாமல் வளர்ச்சி மாறும். ஒவ்வொரு பிளேட்டிலும் செல் இல்லாத மீடியாவுக்கு இரண்டு வெல் கட்டாயம் ஒதுக்குங்கள்.

ஐஎல்-6க்கு அடுத்த முறையும் இதையேதான் வாங்குவோம். டிஜிஎஃப்-பீட்டா 2க்கு எந்தக் கம்பெனியானாலும் சரி, கையேட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கி, சீரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.