மரபுத்தொடர்: பட்டியலா, படமா, பேச்சா?

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் செய்யுளுக்கும் மொழியணிக்கும் பாடத்திட்டத்திலேயே தனி இடம் உண்டு. இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர், பழமொழியோடு மரபுத்தொடரையும் ஆண்டுவாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை எந்த வழியில் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் ஆசிரியர்கள் வேறுபடுகிறார்கள்.

முதல் வழி, பட்டியல். தொடரையும் பொருளையும் வெண்பலகையில் எழுதிப்போட்டு, மனனம் செய்யச் சொல்லி, வாக்கியம் அமைக்கச் சொல்வது. நேரம் மிச்சம், திருத்துவதும் சுலபம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வை 2021-இல் நீக்கிய பிறகும் பல வகுப்புகளில் இதுதான் நடக்கிறது. ஆனால் பட்டியல் பொருளை மட்டும் தரும், தொனியைத் தராது. 'கம்பி நீட்டுதல் – நழுவிவிடுதல்' என்று படித்த பிள்ளை, 'கூட்டம் முடிவதற்குள் தலைமையாசிரியர் கம்பி நீட்டினார்' என்று எழுதிவிடும். பொருள் சரி. ஆனால் அதில் இருக்கும் கேலி, மரியாதைக்குரியவரைப் பற்றிய கட்டுரையில் எப்படி ஒட்டும்? 'கம்பியை நீட்டினார்' என்று ஓர் 'ஐ' சேர்ந்தால் தொடரே கலைந்துவிடும். தமிழ் நிறையப் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் காதாலேயே வந்துவிடும். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடம் இல்லை.

அடுத்தது படமும் நடிப்பும். 'முதலைக் கண்ணீர்' போன்றவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். 'கரைத்துக் குடித்தல்' என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை மைலோ பானக் கோப்பையை வரைந்து வைக்கும். வகுப்பு கலகலக்கும், அப்புறம் மனதில் தங்குவதும் மைலோதான்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: ஆசிரியரே தன் பேச்சில், அந்தந்த நேரத்தில், தொடரைப் போட்டுப் பேசுவது. வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கும் நேரம் பார்த்து ஒருவன் கதவுப்பக்கம் நகர்கிறான். "பாருங்க, இவன் கம்பி நீட்டப் பார்க்கிறான்!" என்றால் போதும், பொருள் சொல்லவே வேண்டாம். சில நாள் கழித்து வேறொருத்தி நழுவும்போது, "டீச்சர், இவ கம்பி நீட்டுறா!" என்று பிள்ளைகளே சொல்வார்கள். யாரைச் சொல்லலாம், எந்தக் குரலில் சொல்லலாம் என்பதும் அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. தொடரைத் தனியாகக் கேட்பதைவிடக் கதையிலோ சூழலிலோ கேட்கும்போது சிறுவர்கள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள் என்று மொழி வளர்ச்சி ஆய்வுகளும் சொல்கின்றன.

இதற்கும் குறை உண்டு. வேகம் குறைவு. வாரத்துக்கு ஒன்றிரண்டு தொடருக்கு மேல் போகாது. பெற்றோரிடம் காட்ட நோட்டில் ஒன்றும் இருக்காது. ஆசிரியருக்கும் தொடர்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில் எழுத்து வேண்டாம், பேச்சு மட்டும் போதும் என்பேன். நான்காம் ஆண்டுக்கு மேல் பட்டியல் வரட்டும், ஆனால் பொருளுக்குப் பக்கத்தில் 'யார் யாரைப் பார்த்துச் சொல்வது' என்று இன்னொரு கட்டமும் இருக்கட்டும்.