செல்ஃப் மோட்டார் (எஞ்சின சுத்தி ஸ்டார்ட் பண்ற மோட்டார்) போச்சுன்னு சொன்னா உடனே மாத்த விடாதீங்க (கிருஷ்ணகிரி - தர்மபுரி ரோட்ல போறவங்களுக்கு)

காவேரிப்பட்டணம் பக்கம் என்.எச். 44 ஓரத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல எங்கள நல்லா ஏமாத்திட்டாங்க. கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கறதால பேரு போடல.

அம்மாவ ஓசூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறப்ப டீ குடிக்க நிறுத்துனோம், திரும்ப சாவி போட்டா டக் டக்னு சத்தம் மட்டும் வருது, எஞ்சின் சுத்தவே இல்ல, ஆனா ஹெட்லைட் பளிச்சுனு எரியுது. பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் வந்து ஒரே ஒரு தடவ சாவிய திருப்பிட்டு "செல்ஃப் மோட்டார் அவுட்டு சார், 9,500 ஆகும்"னார். கையில ஒரு மீட்டர் கூட இல்ல. வயசான அம்மா வெயில்ல உக்காந்திருக்காங்க, சரி மாத்துங்கன்னு சொல்லிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சு. மறுநாள் காலைல வீட்டு வாசல்லயே அதே டக் டக். போன் பண்ணா இப்ப ஈசிஎம் (எஞ்சின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) போயிடுச்சாம், 35,000 ஆகுமாம்!

அப்புறம் தர்மபுரில தெரிஞ்ச ஒரு ஆட்டோ எலக்ட்ரிஷியன் அண்ணன கூப்புட்டோம். மல்டிமீட்டர் வச்சு பாத்தார், பேட்டரி 12.5 வோல்ட், நல்லாதான் இருக்கு. அடுத்து ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்ன எஞ்சின் இரும்புலயும் வச்சுட்டு என்ன செல்ஃப் அடிக்க சொன்னார், மீட்டர் 2 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. அர வோல்ட்டுக்குள்ள இருக்கணுமாம். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து எஞ்சினுக்கு போற எர்த் ஒயர் போல்ட் அடில துரு ஏறி கரண்டே சரியா போகல, அவ்ளோதான் விஷயம். மோட்டார் மாத்துறப்ப அந்த ஒயர் அசஞ்சதுனால ஒரு நாள் ஓடியிருக்கு. தேச்சு சுத்தம் பண்ணி புது ஒயர் போட்டார், கூலியோட 600 ரூபா. இதவிட வயித்தெரிச்சல் என்னன்னா, புதுசுன்னு மாட்டுன மோட்டார் பழச தொடச்சு பெயின்ட் அடிச்சது, கழட்டி பாத்தா உள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் பாதி தேஞ்சு கெடக்கு. எங்க ஒரிஜினல் மோட்டார் எங்கன்னு கேட்டா ஸ்கிராப்புக்கு போயிடுச்சுங்கறாங்க. பில்லுன்னு குடுத்தது ஒரு துண்டு சீட்டு, அதுல ஜிஎஸ்டி நம்பர் கூட கெடையாது.

டக் டக்னு கேட்டு, செல்ஃப் அடிக்கறப்ப லைட்டும் மங்குனா பேட்டரியோ டெர்மினலோதான் பெரும்பாலும். லைட் மங்காம டக்குன்னா மோட்டாராவும் இருக்கலாம் எர்த்தாவும் இருக்கலாம், அங்கதான் இவங்க வெளையாடறாங்க. ஜம்பர் கேபிள் இருந்தா கருப்பு கேபிளோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் மறு முனைய எஞ்சின்ல பெயின்ட் இல்லாத இரும்புலயும் மாட்டி, வண்டிய நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு செல்ஃப் அடிங்க. உடனே ஸ்டார்ட் ஆச்சுன்னா எர்த்துலதான் கோளாறு, மோட்டார தொடவே விடாதீங்க. எஞ்சின் நல்லா சுத்தியும் ஸ்டார்ட் ஆகலன்னா அது வேற கேஸ், பெட்ரோல் பம்ப், ஃப்யூஸ், சாவி இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லன்னா ஸ்டார்ட் ஆக விடாத திருட்டு தடுப்பு) லைட்டுன்னு பாக்கணும், அப்பவும் செல்ஃப் மோட்டாருக்கு வேலையே இல்ல.

எதையாவது மாத்தியே ஆகணும்னா பழைய பார்ட்ட கைல வாங்கிட்டுதான் காசு குடுங்க. ஹைவேல மாட்டிக்கிட்டா 1033க்கு, நெடுஞ்சாலை ஹெல்ப்லைனுக்கு, அடிங்க. நான் 1915ல, நுகர்வோர் ஹெல்ப்லைன்ல, புகார் பதிஞ்சிருக்கேன், பணம் வரலன்னா மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கு போறோம், 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கெடையாது. அதே எடத்துல இதே மாதிரி ஆனவங்க இருந்தா மெசேஜ் பண்ணுங்க, சேந்து போடலாம்.