பிரவுசரில் ஓட்டை: அப்டேட்டா, ஜாவாஸ்கிரிப்ட்டை அணைப்பதா?

பிரவுசரில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்ததும் பலர் பிரவுசரை அப்டேட் செய்வதா, ஜாவாஸ்கிரிப்ட்டை (இணையப் பக்கங்களுக்குள் ஓடும் ஸ்கிரிப்ட்களின் நிரல் மொழி) அணைப்பதா என்று தடுமாறுகிறார்கள்.

பாதுகாப்பு
அப்டேட்: ஓட்டையையே அடைக்கிறது.
அணைப்பது: ஸ்கிரிப்ட் வழியாக வரும் தாக்குதலை மட்டும் தடுக்கும். 2023 செப்டம்பரில் வெளிவந்த லிப்வெப்பி ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லிப்வெப்பி என்பது வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறந்து காட்டும் நிரல். திட்டமிட்டுச் சிதைத்த ஒரு படம், ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையைத் தாண்டி அந்த நிரலை எழுத வைக்கும். குரோம், பயர்பாக்ஸ் இரண்டுமே பாதிக்கப்பட்டு அவசரத் திருத்தம் வெளியிட்டன. ஓட்டை இருந்ததோ படத்தைத் திறக்கும் இடத்தில். ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்தாலும் அது அடைபடாது.

சிரமம்
அப்டேட்: சில நிமிடம். ஆனால் இறங்கினால் மட்டும் போதாது, பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.
அணைப்பது: பல தளங்கள் முடங்கும்.

சரி, யாருக்கு எது? திருத்தம் வந்துவிட்டால் அப்டேட்தான், யோசிக்கவே வேண்டாம். ஓட்டை ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினில் (பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் பகுதி) இருந்து, திருத்தம் இன்னும் வரவில்லை என்றால், அதுவரை எல்லாத் தளங்களுக்கும் அணைத்துவிட்டு, நம்பிக்கையான சிலவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.