நான்கு நாள் திறந்து வைத்துக் குடித்த வைன்

பாரிஸில் சமையலறை வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு அது. ஒரு சனிக்கிழமை இரவு, மேசைக்குப் போன வெள்ளை வைன் போத்தல் ஒன்று கிட்டத்தட்ட நிறையவே திரும்பி வந்தது. வாடிக்கையாளர் ஒரு வாய் குடித்துவிட்டு, பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட்டாராம். பிழை பரிமாறிய விதத்தில் இருந்தது. போத்தலை ஐஸ் வாளியில் கழுத்துவரை புதைத்து, தக்கையை எடுத்த கையோடு ஊற்றியிருக்கிறார்கள். மீன் சோஸ் காய்ச்ச உதவும் என்று தலைமைச் சமையல்காரர் அதைத் தட்டில் ஏற்றி வைத்தார். ஞாயிறும் திங்களும் கடை பூட்டு. செவ்வாய் இரவு பாத்திரங்களெல்லாம் கழுவி முடித்த பிறகு, ஒரு தேநீர்க் குவளையில் இரண்டு விரல் அளவு ஊற்றிப் பார்த்தேன்.

பனம்பழக் களியைப் பாயில் காயவைத்த பனாட்டை அம்மா உரித்தெடுக்கும்போது ஒரு வாசம் வரும். அதே வாசம். அதன் பின்னால் தேன்மெழுகு. வாயில் வைத்தால் இனிப்பில்லை. புளிப்பும் உப்பும் ஒரு மெல்லிய கசப்பும் மட்டும். விழுங்கிய பிறகும் அந்தச் சுவை போகாமல் நின்றது. போத்தலில் இருந்த பெயரைப் பார்த்து ஓடர்த் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்: குலே து செரான்.

அந்தப் பெயருக்காக 95 யூரோ கொடுக்கப் பதினைந்து ஆண்டு எடுத்தது. போன மாதம் 2018ஆம் ஆண்டுப் போத்தல் இரண்டு வாங்கினேன். அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

குலே து செரான் வைனின் பெயர் மட்டுமல்ல, அது விளையும் நிலத்தின் பெயரும் அதுவே. மேற்குப் பிரான்ஸில், ஆன்ஜே நகரத்துக்குத் தென்மேற்கே, லுவார் ஆற்றின் வடகரையில், சவெனியேர் ஊரில் ஏறத்தாழ 7 ஹெக்டேர் சரிவு. குலே என்றால் ஆற்றை நோக்கி இறங்கும் சிறு பள்ளத்தாக்கு. 1130இல் சிஸ்டேர்சியன் துறவிகள் இங்கே முதற்கொடியை நட்டார்கள் என்கிறது தோட்டத்தின் வரலாறு. அன்றிலிருந்து இந்தச் சரிவில் வேறு பயிர் இல்லை. பக்கத்தில்தான் ரோஷ் ஓ முவான் கோட்டை. 1214இல் இங்கிலாந்து அரசன் ஜோன் அதை முற்றுகையிட்டு, பிரெஞ்சு இளவரசன் லூயி படையோடு வருகிறான் என்று கேட்டதும் பின்வாங்கி ஓடினான். மறு ஆண்டு தன் நாட்டுப் பிரபுக்கள் முன் அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைக்க வேண்டியதாயிற்று. அந்த முற்றுகை நடந்தபோதே இந்தக் கொடிகளின் முன்னோர்கள் எண்பது வயதைத் தாண்டியிருந்தார்கள்.

பிரான்ஸில் பேர்பெற்ற நிலங்கள் பெரும்பாலும் துண்டுதுண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. பூர்கோஞ் பகுதியின் குளோ து வூஜோவில் 50 ஹெக்டேர் நிலத்துக்கு எண்பது சொந்தக்காரர்கள் அளவில் இருக்கிறார்கள். அந்தப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் யாருடைய உழைப்பைக் குடிக்கிறோம் என்று தெரியாது. குலே து செரானில் அந்தக் குழப்பம் இல்லை. நிலத்துக்கென்றே தனி அப்பெலாசியோன், அதாவது சட்டம் காக்கும் விளைநிலப் பெயர், இருக்கிறது. முழுவதும் ஒரே குடும்பத்தின் கையில். ஜோலி குடும்பம் 1962இல் வாங்கியது. மகன் நிக்கோலா ஜோலி நியூயோர்க்கிலும் லண்டனிலும் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, 1977இல் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினார். இப்போது அவருடைய மகள் விர்ஜினி பொறுப்பாக இருக்கிறார்.

நிக்கோலா ஜோலி பல இடங்களில் சொல்லியிருக்கும் கதை ஒன்று உண்டு. ஊர் திரும்பிய புதிதில், களைகொல்லி தெளித்தால் செலவு மிச்சம் என்று ஓர் ஆலோசகர் சொல்ல, அவரும் தெளித்தார். இரண்டு ஆண்டுக்குள் மண்ணின் நிறம் மாறியது. பூச்சிகளும் கவுதாரிகளும் காணாமல் போயின. அதன் பிறகுதான் பயோடைனமிக் முறையைத் தேடிப் போய், 1984 முதல் தோட்டம் முழுவதையும் அதற்கு மாற்றினார். பசுவின் சாணத்தை மாட்டுக்கொம்பில் அடைத்து, குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து வைத்து, வசந்தத்தில் எடுத்து நீரில் கரைத்துத் தெளிக்கிறார்கள். கோள்களின் ஓட்டம் பார்த்து வேலை செய்வதும் உண்டு. கோள்கள் கொடிக்கு என்ன செய்கின்றன என்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் சாணத்தை இவ்வளவு மரியாதையோடு கையாளும் ஒருவர் தன் மண்ணைக் கெடுக்க மாட்டார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பின்வளவில் முந்திரிகைப் பந்தல், அதாவது திராட்சைக் கொடிப் பந்தல், ஒன்று இருந்தது. ஐயா சுண்ணாம்பையும் துத்தத்தையும் கலந்து தெளிப்பார். இலையெல்லாம் நீலம் பூத்து நிற்கும். அது பிரான்ஸின் வைன் ஊரான போர்தோக்காரர் கண்டுபிடித்த கலவை என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. செம்மண், கிணற்றுத் தண்ணீர், தலைக்கு மேலே பந்தல். கவாத்து பண்ணப் பண்ணக் காய்க்கும். சவெனியேரில் எல்லாம் தலைகீழ். ஏடு ஏடாகப் பிரியும் படலப் பாறை, அதன் மேல் மெல்லிய மண். வேர் பாறை வெடிப்புக்குள் இறங்கித் தண்ணீர் தேட வேண்டும். சரிவு செங்குத்தாக இருப்பதால் ஒரு பகுதியைக் குதிரை பூட்டித்தான் உழுகிறார்கள். விளைச்சலும் சொற்பம்: ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,500 லீட்டர் வரைதான். ஷெனன் பிளாங் என்ற ஒரே வகைத் திராட்சை. பழுக்கப் பழுக்க நாலைந்து தடவை போய்ப் பறிக்கிறார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. விலையைப் பற்றி முணுமுணுப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இனி போத்தல். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 14, 15 பாகை போதும். குளிர் ஏறினால் வாய் திறக்காது. வெள்ளி மாலை தக்கையை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினேன். நிறம் பழைய நல்லெண்ணெய்ப் பொன். 2018 வெயில் கொளுத்திய ஆண்டு. ஆல்கஹாலின் கனம் தெரிகிறது. முதல் குவளையில் வெட்டிய அப்பிளின் பழுப்பு, ஈரக்கல் வாசம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று இறுகி நின்றது. அன்று இரவோடு முடிவு கட்டியிருந்தால் நானும் அந்த வாடிக்கையாளரைப் போலவே சொல்லியிருப்பேன்.

மிச்சத்தைப் போத்தலில் திரும்ப ஊற்றி, தக்கையை மெதுவாகச் செருகி, அடுப்படி அலுமாரிக்குள் வைத்தேன். சனிக்கிழமை உலர்ந்த அப்ரிகோட் எட்டிப் பார்த்தது. ஞாயிறு மதியம் மனைவி பாரை மீன் போட்டுப் பால்சொதி வைத்தாள். பச்சை மிளகாய் இரண்டே இரண்டு, இறக்கும்போது தேசிக்காய்ப் புளி. லுவார்க் கரையில் ஆற்று மீனுக்கு வெண்ணெய்ச் சோஸ் ஊற்றி இந்த வைனோடு உண்பார்கள். அது நல்ல சேர்க்கைதான். ஆனால் தேங்காய்ப்பாலின் கொழுப்பை இந்தப் புளிப்பு வெட்டிக்கொண்டு போனதும், சொதியின் மஞ்சள் மணம் வைனின் மெழுகு வாசத்தோடு ஒட்டிக்கொண்டதும் வேறு கணக்கு. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. உறைப்புக் கறியோடு மட்டும் வேண்டாம். ஆல்கஹாலும் மிளகாய்த்தூளும் சேர்ந்து வாயை எரித்துவிடும்.

திங்கள் இரவு கடைசிக் குவளை. பனாட்டு வாசம் முழுதாக வந்தது. கூடவே வாதுமைத் தோலின் கசப்பு, எங்கோ ஒரு சிட்டிகை உப்பு. மற்ற வைன்கள் பெரும்பாலும் நான்காம் நாள் சுவை கெட்டுவிடும். இது அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கே குடித்து முடிக்க ஒரு போத்தல் தேடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பத்துப் பேருக்கு அரைக் குவளை வீதம் ஊற்றிக் கொடுப்பதும் வீண். ஒரு வார இறுதியை முழுதாக ஒதுக்க முடிந்தவர்கள், இரண்டு பேராக, வெள்ளிக்கிழமை திறந்து வையுங்கள். முதல்முறை இவ்வளவு பணம் போட மனம் வராவிட்டால், அதே குடும்பத்தின் லே வியூ குளோ என்ற வைன் கொஞ்சம் குறைந்த விலையில் கிடைக்கிறது; அதில் தொடங்கலாம்.

இரண்டாவது போத்தலை நிலவறையில் படுக்க வைத்துவிட்டு, கழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் கட்டியிருக்கிறேன். 2030 என்று எழுதியிருக்கிறது. மகளுக்கு அப்போது இருபது வயது.