காசு கொடுத்து வாங்கிய கள்ளப் பிரதி: மின்னூல் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தொழில்நுட்பக் கையேடு, பாடநூல், அகராதி என்று வேலைக்கும் படிப்புக்கும் தேவையான புத்தகங்களை மின்னூலாக வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் நான் ரசீதோடு வாங்கிய மின்பொறியியல் கையேடு ஒரு திருட்டுப் பிரதி. அதை எழுதியவருக்கோ வெளியிட்ட பதிப்பகத்துக்கோ என் பணத்தில் ஒரு காசுகூடப் போகவில்லை. புகார் கொடுத்ததும் புத்தகம் என் கணக்கிலிருந்து மறைந்தது. பணமும் பணமாகத் திரும்பவில்லை. அதே தளத்தில் செலவழித்துக்கொள்ளச் சொல்லி வரவு வைத்தார்கள். தளத்தின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இந்த வேலை ஒரு தளத்தோடு நிற்பதில்லை, விற்கிறவர்களும் ஒரே பெயரில் இருப்பதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் நம்பகமானது என்று யாராவது நினைத்துவிடக்கூடும்.

விலை சந்தேகப்படும்படி மலிவாக இல்லை. இதை முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘மலிவாகக் கிடைத்தால் உஷார்’ என்ற அறிவுரை இங்கே உதவாது. அச்சுப் புத்தகத்தின் விலையில் பாதிக்கும் மேல் போட்டிருந்தார்கள். மின்னூலுக்கு அது நியாயமான விலைதான். அட்டைப்படம் பளிச்சென்று இருந்தது, நட்சத்திர மதிப்பீடும் நன்றாகவே இருந்தது. பக்கத்தில் தளத்தின் சின்னம், கீழே தளத்தின் பணம் கட்டும் பொத்தான். விற்கிறவர் வேறு, தளம் வேறு என்பது சிறிய எழுத்தில் ஓரமாக இருந்தது.

திறந்து பார்த்தால் முன்பகுதியில் பதிப்புரிமைப் பக்கமே இல்லை. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, யார் வெளியீடு என்று சொல்லும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்திருந்தார்கள். அடுத்தடுத்த பக்கங்களில் வரிகள் லேசாகச் சாய்ந்திருந்தன. சில படங்களின் ஓரத்தில் புத்தகத்தை விரித்துப் பிடித்ததன் நிழல் விழுந்திருந்தது. அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்துகளைத் தானே அடையாளம் காணும் ஓசிஆர் மென்பொருளில் ஓட்டி, வந்ததை வந்தபடி மின்னூலாகக் கட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான் என்று விட்டுவிட முடியாது. அட்டவணைகளைப் பார்த்தபோதுதான் பதறிப்போனேன். 20 டிகிரி செல்சியஸில் செம்பின் மின்தடை எண் 1.68 × 10⁻⁸ ஓம் மீட்டர். இந்த எண் சிறியதாக இருந்தால் பொருள் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று பொருள். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது மனப்பாடம். அந்த மின்னூலில் இருந்தது 1.68 × 10⁸. அடுக்கில் இருந்த சின்னக் கழித்தல் குறியை ஸ்கேன் விழுங்கிவிட்டது. கீழே நிக்ரோம் கம்பிக்கு வர வேண்டியது ஏறக்குறைய 1.1 × 10⁻⁶. அங்கேயும் கழித்தல் போய், 10⁶ ஆகியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஹீட்டருக்குள் சூடேறுவதற்காகவே வைக்கிற நிக்ரோம், செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்று அட்டவணை சொல்கிறது. வரிசையே தலைகீழ்.

செம்பின் எண் தெரிந்ததால் கண்டுபிடித்தேன். அதே அட்டவணையில் எனக்கு மனப்பாடமில்லாத உலோகக் கலவைகள் எத்தனையோ இருந்தன. அவற்றில் எந்த எண் சரி, எதில் புள்ளி விழுந்திருக்கிறது, எதில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருக்கிறது? சொல்ல வழியே இல்லை. கதைப் புத்தகத்தில் ஓர் எழுத்து மாறினால் வாசிக்கிறவர் தானே திருத்திக்கொண்டு மேலே போய்விடுவார். எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவேதான் இருக்கும். மருந்தளவு, கட்டுமானக் கணக்கு, வேதியியல் அளவு என்று எண்ணை நம்பி வேலை செய்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

டிஜிட்டல் நகல் என்றால் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசமே கிடையாது, ஒரு பிட் கூட மாறாது என்று பொதுவாகச் சொல்வார்கள். மின்கோப்பிலிருந்து மின்கோப்பு எடுத்தால் அது உண்மைதான். காகிதத்திலிருந்து எடுத்து விற்கிறவர்கள் கொடுப்பது அந்த நகல் அல்ல. அப்படியே எழுத்துக்கு எழுத்து சரியாக எடுத்திருந்தாலும், இப்படிப்பட்ட கையேட்டில் நாம் காசு கொடுப்பது எழுத்துகளுக்கு மட்டுமில்லை. அச்சான பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளுக்குப் பதிப்பகம் திருத்தப் பட்டியல் வெளியிடும், அடுத்த பதிப்பில் சரிசெய்யும், சந்தேகம் கேட்டு எழுதினால் பதில் சொல்ல அங்கே ஒருவர் இருப்பார். எந்தப் பதிப்பு என்பதையே மறைத்து விற்ற ஒன்றுக்கு எந்தத் திருத்தப் பட்டியலைப் போய்த் தேடுவது?

விற்றவருக்கு எழுதினேன். வந்த பதில் மிகத் தெளிவாக, மரியாதையாக இருந்தது: “நாங்கள் முறைப்படி வாங்கிய பிரதியைத்தான் மறுவிற்பனை செய்கிறோம். இது பழைய புத்தகம் விற்பது போலத்தான்.” இந்தப் பதில் உங்களுக்கும் வரலாம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் வாங்கிய அச்சுப் புத்தகத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-லேயே, புத்தகத்தை விற்ற பிறகு அதன் மறுவிற்பனை விலையைப் பதிப்பகம் கட்டுப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. கோப்பு விஷயத்தில் அப்படி இல்லை. கோப்பை ‘கொடுப்பது’ என்றாலே இன்னொரு பிரதி உருவாகிறது. பழைய டிஜிட்டல் பாடல்களை மறுவிற்பனை செய்த ரீடிஜி என்ற நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது இதே காரணத்தால்தான். ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் கணினி மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று சொன்னது. அதே நீதிமன்றம் 2019 டிசம்பரில், பழைய மின்னூல்களை விற்ற டாம் கபினெட் என்ற நிறுவனத்தின் வழக்கில், மின்னூலுக்கு அது பொருந்தாது, உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. என் விற்பனையாளர் செய்தது மறுவிற்பனைகூட இல்லை. காகிதப் புத்தகத்தை வாங்கி, ஸ்கேன் செய்து, அதையே கேட்டவருக்கெல்லாம் விற்பதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் ‘பழைய புத்தகம்’ என்ற பெயர் கிடையாது.

அடுத்து தளத்திடம் போனேன். “பதிப்புரிமைப் புகாரை உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும்” என்றார்கள். இது சும்மா தட்டிக்கழிக்கும் பேச்சில்லை, சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. 1998-ல் அமெரிக்கா கொண்டுவந்த டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளரோ அவரது பிரதிநிதியோ நோட்டீஸ் கொடுத்து, தளம் உடனே அதை நீக்கினால், தளத்தின் மேல் பொறுப்பு வராது. உலகம் முழுக்கப் பல தளங்கள் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. இதில் எழுதியவருக்கு ஒரு வழி உண்டு. நீக்கப்பட்டவர் எதிர்நோட்டீஸ் கொடுக்கவும் வழி உண்டு. உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் மீண்டும் ஏற்றிவிடலாம். காசு கொடுத்து ஏமாந்தவருக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை. பணம் போனது என்னுடையது, ஆதாரம் இருப்பது என்னிடம், ஆனால் புகார்ப் படிவத்தில் ‘நீங்கள் உரிமையாளரா?’ என்ற முதல் கேள்வியோடு என் கதை முடிந்துவிடுகிறது.

ஆகவே பதிப்பகத்துக்கு எழுதினேன். அந்தக் கையேட்டுக்கு நாங்கள் மின்பதிப்பே வெளியிடவில்லை என்று பதில் வந்தது. அவர்கள் நோட்டீஸ் கொடுத்தார்கள், தளம் விற்பனைப் பக்கத்தை நீக்கியது. நல்ல செய்திதான். ஆனால் அதோடு வாங்கியவர்களின் கணக்கிலிருந்தும் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். தளத்தின் செயலியில் படித்துக்கொண்டே நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் போயின. கள்ளப் பிரதியை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, அது போக வேண்டியதுதான். குறிப்புகள் என்னுடையவை. எடுக்கும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் நகலெடுத்து வைத்திருப்பேன்.

இது முன்பே நடந்ததுதான். 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒரு நிறுவனம் ஏற்றியிருந்த ஜார்ஜ் ஆர்வெலின் நாவல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பள்ளி மாணவர் ஒருவரின் குறிப்புகள் எந்த வரிக்கு எழுதியவை என்றே தெரியாமல் அனாதையாகி, அது வழக்குவரை போனது. அமேசான் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: ஆர்வெல் 1950-ல் இறந்தவர். அவர் எழுத்துகளின் பதிப்புரிமை ஆஸ்திரேலியாவில் அப்போதே முடிந்திருந்தது, அமெரிக்காவில் முடியவில்லை. ஒரே கோப்பு ஒரு நாட்டில் யாரும் பகிரலாம், இன்னொரு நாட்டில் திருட்டு. ‘எங்கள் நாட்டில் இது சட்டப்படி சரி’ என்று விற்பனையாளர் சொன்னால், நீங்கள் இருக்கும் நாட்டில் சரியா என்பது தனிக் கேள்வி.

வாங்கியவருக்கும் வழி செய்ய முடியும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் சாட்சி. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டப்படி, சட்டவிரோதமான ஒன்றைப் பற்றி யார் வேண்டுமானாலும் தளத்துக்குத் தெரிவிக்கலாம். சந்தைத் தளங்கள் விற்பனையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். சட்டவிரோதப் பொருள் விற்கப்பட்டது தெரியவந்தால், கடந்த ஆறு மாதங்களில் அதை வாங்கியவர்களுக்குத் தளம் சொல்லவும் வேண்டும். எல்லா நாட்டிலும் இது வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தத் தவறான அட்டவணை இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது தளத்துக்குத்தான் தெரியும்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், “பேசாமல் எங்காவது இலவசமாக இறக்கியிருந்தால் காசாவது மிஞ்சியிருக்கும்” என்றார். பலருக்கும் தோன்றுவதுதான். இலவசமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் இதே ஸ்கேன்தான், இதே விழுங்கப்பட்ட கழித்தல் குறிதான். தவிர, ஒருவர் பல ஆண்டு உழைத்துச் சரிபார்த்துத் தொகுத்ததை எடுத்துக்கொண்டு அவருக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. நான் காசு கொடுத்ததே அதற்காகத்தான். இலவசம் என்றாலே மட்டம் என்றும் சொல்ல மாட்டேன். 1971-ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில் பதிப்புரிமை முடிந்த புத்தகங்கள் சட்டப்படி இலவசம். அவற்றில் பலவற்றை, 2000-ல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ் தன்னார்வலர்கள் ஸ்கேன் பக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு பல சுற்றுகளில் மெய்ப்புப் பார்த்திருக்கிறார்கள். காசு வாங்காதவர்கள் செய்யும் அந்த வேலையை, என்னிடம் காசு வாங்கியவர் ஒரு சுற்றுகூடச் செய்யவில்லை.

வாங்கும் முன் பதிப்பகத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அந்தப் புத்தகத்துக்கு மின்பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக்கு மேல் தப்பித்துவிடலாம். ‘விற்பனை’ என்ற இடத்தில் தளத்தின் பெயர் இருக்கிறதா, வேறு யாருடையதாவது இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். மாதிரிப் பக்கங்கள் இருந்தால் பதிப்புரிமைப் பக்கத்தையும் ஓர் அட்டவணையையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். முன்னுரையை மட்டும் காட்டினால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு பதிப்பையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேடிப் பாருங்கள். 2007 முதல் அது 13 இலக்கம். அச்சுக்கு ஒன்றும் மின்பதிப்புக்கு வேறொன்றும் கொடுப்பதுதான் முறை. நான் வாங்கியதில் கெட்டி அட்டைப் பதிப்பின் எண்ணை அப்படியே போட்டிருந்தார்கள். சில நேர்மையான விற்பனையாளர்களும் அச்சுப் பதிப்பின் எண்ணைக் காட்டுவதுண்டு, ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வரிகள் சாய்ந்திருப்பதும் இந்த எண்ணும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், சந்தேகம் இருக்கிறது என்றால், புகார் கொடுக்கும் முன் உங்கள் குறிப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். விற்பனைப் பக்கம், ரசீது, விற்பனையாளரோடு நடந்த உரையாடல், பிழையுள்ள பக்கங்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கம் நீக்கப்பட்ட பிறகு ஆதாரம் எதுவும் மிஞ்சாது. தளம் வரவு வைக்கிறோம் என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம், சொன்ன பொருள் வரவில்லை என்று தகராறு பதிவு செய்யும் வழி பெரும்பாலும் இருக்கும். அதற்குக் காலக்கெடு உண்டு, வரவை ஏற்றுக்கொண்டால் அந்த வழி அடைபடலாம். பதிப்பகத்துக்கு எழுதும்போது விற்பனைப் பக்கத்தின் முகவரி, விற்பனையாளரின் பெயர், வாங்கிய தேதி மூன்றையும் கொடுங்கள். இவை இருந்தால் அவர்களால் உடனே நோட்டீஸ் அனுப்ப முடியும்.

அதே அட்டைப்படத்தோடு வேறொரு விற்பனையாளர் பெயரில் அந்தக் கையேடு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. பதிப்பகத்துக்கு அதையும் தெரிவித்திருக்கிறேன். பதிப்புரிமைப் பக்கம் இல்லாத மின்பொறியியல் கையேடு உங்களிடம் இருந்தால், மின்தடை எண் அட்டவணையில் செம்பின் வரியைப் பாருங்கள். அடுக்கில் கழித்தல் குறி இல்லையென்றால், அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்த எந்த எண்ணையும் வேறொரு நம்பகமான நூலில் சரிபார்க்காமல் வேலையில் பயன்படுத்தாதீர்கள். ஏற்கெனவே பயன்படுத்திய கணக்குகள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் பாருங்கள்.