டர்பனில் தக்காளி: பாத்தியா, வாளியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலோரத்தில் இந்தக் கேள்விக்கு மாதத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாளி, மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பாத்தி. ஊர்ப் பழமொழியை நம்பி ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டாம். இங்கே ஆடி என்றால் மழையற்ற நடுக்குளிர்காலம்.

கோடையில் பாத்தியைக் கெடுப்பது பாக்டீரியா வாடல் நோய். அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்யும் மழையும் மண்ணின் சூடும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். இலை மஞ்சளாகாது. பச்சையாகவே நண்பகலில் தொங்கும், சாயங்காலம் நிமிரும், சில நாளில் செடியே போய்விடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அது நோய்க்குத்தான் உதவும். சந்தேகம் வந்தால் தண்டின் அடியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வெட்டுமுனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல் வெள்ளை இழை கீழே இறங்கினால் அந்த நோயேதான். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்டில் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில் மூன்று வருடமாவது தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். மக்காச்சோளம் போடலாம்.

வாளி தப்புவது மண் புதிது என்பதால்தான். கொல்லை மண்ணையே அள்ளி நிரப்பினால் நோயும் வேர்முடிச்சுப் புழுவும் கூடவே வந்துவிடும். சாப்பாட்டுப் பொருள் வந்த 20 லிட்டர் வெள்ளை வாளி நல்லது. கறுப்பு வாளியில் வேர் வெந்துபோகும். அடியில் 10 மில்லிமீட்டர் துளை ஆறு. கம்போஸ்ட் இரண்டு பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. 2:3:2 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம்) ஒரு மேசைக்கரண்டி கலந்து, ஒரு வாளிக்கு ஒரே நாற்று, முதல் இலைவரை தண்டைப் புதைத்து நடுங்கள். பூ வந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 3:1:5 உரம் ஒரு தேக்கரண்டி. சூரியன் இங்கே வடக்குப் பக்கம் போவதால் வடக்குப் பார்த்த வராந்தாதான் வேண்டும். ஆறு மணி நேர வெயில் அவசியம்.

வாளியின் பலவீனம் தண்ணீர். ஜனவரியில் காலையும் மாலையும் ஊற்றியே ஆக வேண்டும். ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளம் என்றால் காயின் அடியில் கறுப்புத் தழும்பு விழும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராததுதான் பெரும்பாலும் காரணம். முட்டை ஓடு போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, நீர் சீராக வேண்டும். வகை என்றால் செர்ரி தக்காளி. இரவுச் சூடு 21 டிகிரியைத் தாண்டும்போது பெரிய காய் வகைகளில் பூ உதிரும், செர்ரி ஓரளவு தாங்கும்.

குளிர்காலப் பாத்தி சுகமான வேலை. மண் ஆறியதும் வாடல் நோய் அடங்கும், வேர் ஆழம் போகும், மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர் போதும். டர்பனின் பெரியா (Berea) மேட்டுச் சிவப்பு மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அங்கே சதுர மீட்டருக்கு 10 லிட்டர் கம்போஸ்டும் 60 கிராம் 2:3:2-ம் கலந்து, 50 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். பிப்ரவரியில் விதைத்து மார்ச்சில் நாற்றை மாற்றுவது உத்தமம். தாமதித்தால் ஜூலைக் குளிரில் பூ பிடிப்பது மந்தமாகும். உறைபனி விழும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஃப்ளோராடேட் என்ற தக்காளி வகை நோய் தாங்கும் என்று நர்சரியில் சொல்வது பாதி உண்மை. அது தாங்குவது பூஞ்சை வாடலை. பாக்டீரியா வாடலுக்கென்று தென்னாப்பிரிக்காவிலேயே உருவாக்கிய வகை ரோடேட். முன்பு நோய் கண்ட பாத்தியில் அந்த மூன்று வருடம் கழிந்து மறுபடி தக்காளி போடும்போது அதைத்தான் நட வேண்டும். மனிமேக்கர் வகை உயரக் கொடி, 1.8 மீட்டர் கம்பு நட்டுப் பக்கக் கிளையைக் கிள்ள வேண்டும். ஃப்ளோராடேடில் கிள்ளினால் விளைச்சல்தான் குறையும்.

குரங்கு வரும் தெருவா? அப்படியானால் எந்த மாதமானாலும் வாளிதான், அதுவும் பர்க்ளர் கார்டுக்கு (திருடனைத் தடுக்கும் கம்பித் தடுப்புக்கு) உள்பக்கம், கம்பிக்கு எட்டாத தூரத்தில். பாத்திதான் என்றால் காயின் அடியில் இளஞ்சிவப்பு தட்டியதுமே பறித்து, ஃப்ரிட்ஜில் வைக்காமல் சமையலறையிலேயே பழுக்க விடுங்கள்.